பாதி மினுக்கிய குழாய்

மக்ளே, கடிதம் என்றால் முதல் வரியில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று நாலாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் எதையும் சொல்லித் தருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவிட்டேன். உன் சுகம் எனக்குத் தெரியும். போன வாரக் கடிதத்தில் அந்த வடநாட்டுச் சப்பாத்தியைத் திட்டி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவ்வளவு தெம்பு உள்ள பிள்ளைக்குச் சுகக்கேடு ஒன்றும் இருக்காது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித் தரும்படி ஆளுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் காலையில் எழு, கடவுளைக் கும்பிடு, கடன் வாங்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. நான் செய்த இரண்டு தப்புகள்தான் இருக்கின்றன. ஒன்று ஊருக்கே தெரியும். மற்றது உனக்கே தெரியாது. அச்சுக்குப் போகும் முன் ஒரு நகலை உனக்கு அனுப்புகிறேன். ஊர் சிரிப்பதற்கு முன்னால் நீ சிரித்துவிடு.

மலரைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நீ கொட்டாவி விட்டுக்கொள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து நான் இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது உனக்கு நடக்கத் தெரியாது. ஆரியசாலையில், பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாலீஷ் பட்டறை. பித்தளையோ செம்போ அலுமினியமோ, வந்ததை மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்து, முகம் தெரிகிற மாதிரி மினுக்கிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் என் முகம்தான் யாருக்கும் தெரியாது, அவ்வளவு கரி. மலையாளத்தைக் கடைக்காரர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். அவர்கள் என்னோடு பாத்திரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை; என் மலையாளமும் பாத்திரத்தோடு நின்றுவிட்டது. நீயோ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாய். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்கு வக்கீல் நீதான். "எப்பா, நீங்க சும்மா இருங்க, நான் பறயாம்" என்று பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் என்னை அதட்டி ஓரமாக நிறுத்தியபோது உனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து நான் ஓரமாகத்தான் நிற்கிறேன். பார்ப்பதற்கு நல்ல இடம் அதுதான்.

பிறகு நீ பௌதிகம் படித்தாய், அதற்கு மேலும் படித்தாய், ஆராய்ச்சி என்று ஆரம்பித்தாய். என்ன ஆராய்ச்சி என்று கேட்ட பாவத்துக்கு ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் பாடம் நடத்தினாய். அறை நிறையக் கப்பாசிட்டர் பெட்டிகள். அவற்றில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, கண் இமைப்பதற்குள் பல ஆயிரம் தடவை முடிந்துபோகிற ஒரு துளி நேரத்தில், விரல் நீள அலுமினியக் குழாய் ஒன்றில் மொத்தமாகப் பாய்ச்சுவது. அதில் பிறக்கும் காந்தம் குழாயைச் சுற்றி நின்று உள்ளே நெரிக்கும். குழாய்க்குள் ஒரு செம்புத் தண்டு. நெரிபட்ட அலுமினியம் தண்ணீர் மாதிரி ஓடிப் போய்ச் செம்பின் மேல் மோதும். "இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு? நம்ம பட்டறைல தினமும்தான் குழாய் நசுங்குது" என்றேன். காந்தத்துக்கு எடை கிடையாது, அலுமினியத்துக்கு உண்டு. எடையில்லாதது எடையுள்ளதைத் தள்ளும்போது எல்லை நேராக நிற்காது. சின்னப் பள்ளம் பெரிய பள்ளமாகும். கடைசியில் அலுமினியமும் செம்பும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலந்துவிடும் என்றாய். எடையே இல்லாமல் தள்ளுவது உன் அம்மாவின் வாயும்தான் என்றேன். உள்ளேயிருந்து கரண்டி விழுந்த சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்கு அது உண்மையாகப் புரிந்தது பழவங்காடி பஸ் நிறுத்தத்தில். பஸ் வந்து நிற்கும்வரை கூட்டம் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. பின்னாலிருந்து தள்ளு விழுகிறது. யாராவது ஒரு ஒல்லியான ஆள் அரை அடி முந்துகிறான். அவன் முதுகோடு ஒட்டி இன்னொருவன், அவன் பின்னால் நாலு பேர். கண்டக்டர் கத்துவதற்குள் ஏறுகிறவன் இறங்குகிறவனுக்குள் புகுந்து, யார் கூடை யார் தலையில் என்று தெரியாமல் கலந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் முதலில் முந்திய அந்த அரை அடி. இதை வந்து உன்னிடம் சொன்னபோது, "எப்பா, நீங்க பாசாயிட்டீங்க" என்றாய். என் வாழ்நாளில் நான் பாசான ஒரே பரீட்சை.

அந்த வருஷம்தான் உன் ஆராய்ச்சியை எழுதி முடிக்க வேண்டிய வருஷம். வடக்கேயிருந்து வரப்போகிற பரிசோதகர் முன்கூட்டியே ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். நசுங்கிய குழாய்களை அறுத்துப் பார்த்தால் செம்பும் அலுமினியமும் கலந்திருக்கிறது, சரி. அந்தக் கலப்பு வெளித்தோலின் பள்ளங்கள் வளர்ந்ததால் வந்ததா, அல்லது மோதிய வேகத்தில் எப்படியும் வந்திருக்குமா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. மீதி இருந்தது ஒரே ஒரு குழாய். கப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றாக எண்ணெய் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய உன் சார் ஓய்வு பெறப் போகிறார், அறை வேறு யாருக்கோ போகப் போகிறது. இன்னும் ஒரே ஒரு வெடி (மின்சாரம் பாய்ச்சுவதை நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்), அதற்குள் பதில். நீ அந்த மாதம் சோற்றைப் பிசைந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அதே மாதம்தான் என் வாய் உனக்குத் தெரியாத அந்தத் தப்பைச் செய்தது. நாகர்கோவிலிலிருந்து உன்னைப் பார்க்க வந்தார்களே, நல்ல குடும்பம், பையனுக்கு நல்ல உத்தியோகம். நீ காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு பையனின் அப்பா கேட்டார்: "பொண்ணுக்கு என்ன ஜோலி?" "குழாய் நசுக்குறா" என்றேன். ஏதோ பழைய இரும்புக் கடை என்று அவர் நினைத்துவிட்டார். உன் அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள். இதுவரை உனக்குத் தெரியும். அதன் பிறகு அவர், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் படிப்பு, ஆராய்ச்சி எல்லாம் உண்டா?" என்று கேட்டார். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எதுக்கு? இந்த வருஷத்தோட விட்டிருவா" என்றேன். நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடை கடையாக எனக்காகப் பேசிய பிள்ளைக்காக நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் தப்பாகப் பேசினேன்.

இனி ஊருக்குத் தெரிந்த தப்பு. கடைசி வெடிக்கு இரண்டு நாள் முன்பு சுகுமாரன் பட்டறைக்கு வந்தார். உங்கள் ஆய்வுக்கூடத்து உதவியாளர், என் வயதுக்காரர், வெயிலோ மழையோ குடையில்லாமல் வாசல் தாண்டாதவர். குழாயின் இரண்டு ஓரங்களும் மின்சாரத் தட்டில் இடைவெளியில்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். மற்ற குழாய்களுக்கு அதை நீங்களே தேய்த்துக்கொண்டீர்கள். கடைசிக் குழாய் அல்லவா, அப்பா கை பட்டால் நன்றாக இருக்கும் என்று நீதான் அனுப்பினாய். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுகுமாரன் இரண்டு ஓரத்தையும் தொட்டுக் காட்டினார், தலையாட்டினேன். பிறகு குழாயின் நடுவில் விரலை வைத்து என் காதில் கத்தினார்: "இவிட மினுக்கான் பாடில்லா! கேட்டோ?" "கேட்டேன்" என்றேன். சத்தியமாகக் கேட்டேன்.

மலையாளத்தில் பாடில்லா என்றால் கூடாது. அது எனக்கும் தெரியும், பஸ்ஸில் பீடி பற்ற வைத்துத் தெரிந்துகொண்டது. ஆனால் பாத்திரக் கடையில் பாடு என்றால் கீறல், தழும்பு. இருபத்தைந்து வருஷமாக என்னிடம் பாத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு பாடில்லா!" என்று அவர்கள் மெச்சினால் ஒரு கீறல்கூட இல்லை என்று அர்த்தம். கையில் பாத்திரம் இருக்கும்போது எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். குழாய் முழுக்க வரி வரியாக நெளிவு. வேண்டுமென்றே, அளவு பார்த்து, நீங்களே கடைந்து வைத்த நெளிவு அது என்று நீ என்றாவது சொல்லியிருப்பாய்; நான் அப்போது மீன் துண்டில் கவனமாக இருந்திருப்பேன். பள்ளம்தானே என் பிள்ளைக்குப் பகை, ஒரு பள்ளம் விடாமல் வழித்துவிடுகிறேன் என்று சக்கரத்தில் பிடித்தேன். மக்ளே, அப்படி ஒரு மினுக்கை நான் கல்யாணச் சீர்ப் பாத்திரத்துக்குக்கூடக் கொடுத்ததில்லை.

பாதிக் குழாய் முடிந்தபோது கரண்ட் போனது. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கச் சுகுமாரன் திரும்பி வந்ததும் அப்போதுதான்.

"மேஸ்திரீ... எந்தா ஈ காட்டியது?" என்ன இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று.

"பாதி ஆச்சு. கரண்ட் வந்தா மீதியும் முடிச்சிருவேன்."

"மினுக்கான் பாடில்லான்னல்லே ஞான் பறஞ்ஞது!"

"அதான் மினுக்கியிருக்கேன். பாடு இல்லியே! வெளிச்சத்துல வச்சு நல்லா பாரும்!"

சுகுமாரன் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆ குட்டி கரயும்" என்றார், அந்தப் பெண் அழும் என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே அரத்தை எடுத்தேன், போன நெளிவைத் திரும்ப இழுத்துவிடலாம் என்று. அவர் என் கையிலிருந்து அரத்தைப் பிடுங்கித் தன் குடைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்க இனாமாகப் பாத்திரம் மினுக்கலாம்.

குழாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுகுமாரனோடு பஸ்ஸில் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். வழியெல்லாம் உன்னைச் சிரிக்க வைக்க ஒரு வேடிக்கைப் பேச்சைத் தயார் பண்ணினேன். உன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. துண்டைப் பிரித்தேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன், நீ உட்கார்ந்துவிட்டாய். "இது ஒண்ணுதான் எப்பா இருந்துது" என்றாய். "திட்டு மக்ளே" என்றேன். "திட்டுனா நெளிவு திரும்ப வருமா?" என்றாய். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில், ஒரு நொடி, என் மனதின் ஒரு மூலை சொன்னது: சரி, நாகர்கோவிலுக்குக் கொடுத்த வார்த்தை இனித் தானாகவே நிறைவேறிவிடும் என்று. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய், நான் அதை நினைத்தேன். குழாயை மினுக்கியதற்கு நான் வெட்கப்படவில்லை, இதற்கு வெட்கப்படுகிறேன்.

அப்புறம் நீ குழாயை எடுத்து நகத்தை ஓட்டினாய். சொரசொரப்பான பாதியிலிருந்து வழுவழுப்பான பாதிக்கு. திரும்ப இங்கே. எல்லையில் நகம் நின்றது.

"எப்பா, கரண்ட் எப்ப போச்சு?"

"பதினோரு மணி இருக்கும்."

"மணி யாரு கேட்டா? குழாய்ல எந்த இடத்துல போச்சு? நடுவுலயா?"

"இஞ்ச பாரு, அந்தக் கோடு. நடுதான்."

நீ எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி விழுந்தது. "ஒரே குழாய், ஒரே கரண்ட், ஒரே அடி" என்றாய். எனக்குச் சொல்லவில்லை, சுவருக்குச் சொன்னாய். "மோதுற வேகம் ரெண்டு பாதிக்கும் ஒண்ணு. நெளிவு மட்டும்தான் வேற. வழுவழுப்பு பாதியிலயும் கலந்திருந்தா பரிசோதகரோட சந்தேகம் சரி. நெளிவு உள்ள பாதியில மட்டும் கலந்திருந்தா நான் சொன்னது சரி." மாலைவரை மைக்ரோமீட்டரை வைத்து, நான் எவ்வளவு தோலை உரித்தேன் என்று இம்மி இம்மியாக அளந்தாய். சுகுமாரன் உன் சாரை அழைத்து வந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நமக்கு நேரத்தே தோணேண்டதாயிருந்நு" என்றார். முன்பே நமக்குத் தோன்றியிருக்க வேண்டியது என்று. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன்.

வெடி அன்று என்னை வராந்தாவோடு நிறுத்திவிட்டார்கள். மணி அடித்தது. எல்லாரும் கதவுக்கு வெளியே வந்தார்கள். பிறகு ஒரு சத்தம், கோயில் அதிர்வேட்டில் பாதிகூட இல்லை. மரத்துக் காக்கைகள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. "இதுக்கா நாலு வருஷம்?" என்றேன். சுகுமாரன், "கழிஞ்ஞு மேஸ்திரி, இனி நிங்ஙளுட பணி" என்றார். முடிந்தது, இனி என் வேலை என்று அவர் சொன்னது உண்மை. நசுங்கிய குழாயை நெடுக்காக அறுத்து, அறுத்த முகத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கினால்தான் நுண்ணோக்கியில் எல்லை தெரியும். நீயே பட்டறைக்கு எடுத்து வந்தாய். "இப்ப மினுக்குங்க" என்றாய். மலையாளத்தில் சொல்லாதே, தமிழில் சொல், எழுதிக் கொடு, கையெழுத்தும் போடு என்றேன். அந்த மூன்று நாளில் நீ சிரித்தது அப்போதுதான்.

ஆனால் நான் மோட்டாரைப் போடவில்லை. ஏன் என்று கேட்டாய். செம்பு மிருதுவானது, அலுமினியம் அதைவிட மிருது. ஓடுகிற சக்கரத்தில் பிடித்தால் சிவப்பு வெள்ளைக்குள் இழுபடும், நீ தேடுகிற கலப்பை நானே உண்டாக்கிக் கொடுத்துவிடுவேன் என்றேன். நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "அப்ப என்ன செய்யப்போறீங்க?" "கைல தேய்ப்பேன். எல்லை ஓடுற வாக்குலதான் தேய்ப்பேன், குறுக்க ஒரு தடவைகூட போகமாட்டேன்." ஒரு பலகையில் பழைய வேட்டித் துணி, மாவு மாதிரிப் பொடி, தண்ணீர். இரண்டு பகல் முழுக்கத் தேய்த்தேன். ஆரியசாலைக் கடைக்காரர்கள் அண்டாவும் குடமுமாக வந்து நின்று திட்டினார்கள். ஒரு விரல் நீளத் துண்டுக்கு இரண்டு நாளா என்றார்கள். என் மகளின் கல்யாணப் பாத்திரம் என்று சொல்லிவைத்தேன்.

நுண்ணோக்கியில் முதலில் நீ பார்த்தாய். ரொம்ப நேரம் அசையவில்லை. "எப்பா, வாங்க" என்றாய். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நீ சொல்லிக் கொடுத்தாய். மேலே வெள்ளை, கீழே சிவப்பு. நான் மினுக்கிய பாதியில் அந்த இரண்டுக்கும் நடுவே கோடி வேட்டியின் கரை மாதிரி நேரான கோடு, ஒரு பிசிறு இல்லை. நகர்த்தினாய். கரண்ட் போன இடம் தாண்டியதும் கோடு நெளிந்தது. அப்புறம் சிவப்பு நாக்கு நாக்காக வெள்ளைக்குள் ஏறியிருந்தது, வெள்ளை சிவப்புக்குள் சுருண்டு இறங்கியிருந்தது, சில இடத்தில் எது எது என்றே தெரியவில்லை. பழவங்காடி பஸ் வாசலேதான். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாய், இருபத்தேழு வயதுப் பெண். சுகுமாரன் குடையை விரித்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

பரிசோதகர் வந்த அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலம் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் முகம் தெரியும். அவர் உன் நுண்ணோக்கிப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஏதோ கேட்டார். சார் பிறகு சொன்னார்: ஒரே குழாயில் இரண்டு பாதி என்ற யோசனை யாருடையது என்பது கேள்வியாம். நீ 'என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். அதில் முக்கால்வாசி உண்மையும் கூட. நீ நடந்ததை நடந்தபடி சொன்னாய். பாடில்லா என்ற சொல் உன் வாயிலிருந்து இரண்டு தடவை வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, முன்பு தான் எழுதி அனுப்பிய கேள்வித்தாளை எடுத்து, நடுவே ஒரு கோடு போட்டு அடித்தார். அது எந்த மொழியாக இருந்தால் என்ன? நான் எழுந்து கைதட்டினேன். அங்கே கைதட்டக் கூடாதாம். தட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

இவ்வளவும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பெரிய கப்பாசிட்டர் அறை இருக்கிற வடநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து உனக்கு வேலை உத்தரவு வந்தது, நீ ரயில் ஏறினாய். தெரியாதது இதுதான். உன்னை ஏற்றிவிட்ட மறுநாள் நான் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன். பையனின் அப்பா தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "என் மக ஆராய்ச்சியை விடமாட்டா. வடக்க வேலைக்குப் போயிட்டா" என்றேன். "அன்னைக்கு விட்டிருவான்னு சொன்னீரே?" என்றார். "அவளைக் கேக்காம சொன்னேன். அது என் வாய்க்கொழுப்பு. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்." அவர் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். "அப்படி என்னதான் செய்யுதா அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். அப்போதுதான் உட்கார்ந்தேன், மக்ளே. வரப்பின் மேல். எடையுள்ளது, எடையில்லாதது, நெளிவு, மோதல், செம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால் தண்ணீரையும் சேற்றையும் காட்டிச் சொன்னேன். பாத்தி நிரம்பி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை. போகும்போது, "பையன்கிட்ட கேட்டு எழுதுதேன்" என்றார். நான் அன்று வீட்டில் கேட்காமல் விட்டதை அவர் கேட்கப் போகிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

அவர் கடிதம் நேற்று வந்தது. என் பெயருக்குத்தான். நான் பிரிக்கவில்லை. உன் அம்மா மட்டும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்கிறாள், ஆனால் அவள் முகம் நேற்றிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறது, என்ன மாதிரி என்று சொல்லமாட்டேன். அதை ஒட்டியது ஒட்டியபடி இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே சரி என்று இருந்தாலும், வேண்டாம் என்று இருந்தாலும், முதலில் நீ படி. உனக்கு அந்தப் பையனைப் பிடித்தால் சரி என்று எழுது, பிடிக்காவிட்டால் இல்லை என்று எழுது, யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கிறேன் என்று எழுது. எதுவானாலும் உன் கையெழுத்தில் நேரே நாகர்கோவிலுக்குப் போகட்டும், நம் வீட்டு வழியாக வர வேண்டாம். பதிலுக்கு ஒரு தபால்தலை உள்ளே இருக்கிறது. இந்த விஷயத்தில் உன் அப்பன் பங்கு அவ்வளவுதான்.